ரசீது கேட்கக் கூச்சப்படாதீர்கள்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



முதல் வருஷம் விடுதியில் இருந்த பிள்ளை, "அப்பா, இனிமே நாங்க நாலு பேர் சேர்ந்து வெளியே வீடு எடுக்கிறோம்" என்பான். செம்மங்குப்பத்திலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைகள் சிதம்பரத்தில் வீடு தேடுவார்கள். எடுக்கட்டும், தவறில்லை. எழுத்து இல்லாமல் எடுப்பதுதான் தவறு.

முப்பது வருஷம் வங்கியில் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதவன் நான். என் மகனுக்கு வீடு பிடித்தபோது முப்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸை ரசீது இல்லாமல் கையில் கொடுத்தேன். காலி செய்தபோது பெயிண்ட், குழாய் என்று கணக்குச் சொல்லிப் பன்னிரண்டாயிரம்தான் திரும்பி வந்தது. எதிர்த்துப் பேச என்னிடம் ஒரு சீட்டுகூட இல்லை.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஆகவே படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுங்கள்.

பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். குடிபோகும் நாளே சுவர், குழாய், மின்சார மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். நால்வர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். ஒருவன் பாதியில் போனால் அவன் பங்கை யார் கட்டுவது என்பதையும் பிள்ளைகளுக்குள் எழுதி வைக்கட்டும்.

பெண் பிள்ளைகளைத் தனியார் விடுதியில் சேர்ப்பவர்கள், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விடுதி பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

கேட்கக் கூச்சம் வேண்டாம். நான் கூச்சப்பட்டதன் விலை பதினெட்டாயிரம் ரூபாய்.