ஐன்ஸ்ரைன் கணிதத்திற் சித்தியடையவில்லையா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யாம் மிஷன் பாடசாலையொன்றிற் கீழ்வகுப்புகளிற் படித்த காலத்தில் எம்முடன் ஒரு மாணவன் இருந்தான். ஆசிரியர் ஒருமுறை சொன்ன கதையை ஒரு சொல்லும் தவறாது திருப்பிச் சொல்வான். மனக்கணக்கில் அவனை வெல்ல எவரும் இலர். பாடசாலையிற் பாடும் கீதங்களும் கோயிலிற் கேட்கும் தேவாரங்களும் அவனுக்கு ஒன்றுபோல மனப்பாடம். ஆனாற் புத்தகத்தைக் கையிற் கொடுத்தால் வியர்த்துப்போவான். கரும்பலகையிற் கண்ட சொல் அவன் கொப்பிக்கு வருவதற்குள் எழுத்துக்கள் இடம்மாறிவிடும். வகுப்புச் சிரித்தது, யாமும் சிரித்தோம். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பை விட்டுவிட்டான்.

அவனைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு, “ஐன்ஸ்ரைனும் கணிதத்தில் தவறியவர்தானாம்” என்று சொன்னோம். அவன் கேட்டான்: “அவருக்கு வாசிக்கத் தெரியுமோ?” அன்று எமக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைச் சொல்லவே இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

ஐன்ஸ்ரைனுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். 1879இல் ஜேர்மனியின் உல்ம் நகரிற் பிறந்த அவர் பேசத் தொடங்கியது சற்றுப் பிந்தித்தான். ஆயினும் பன்னிரண்டு வயதளவில் விஞ்ஞான நூல்களையும் கேத்திர கணித நூலையும் ஆவலோடு படித்தார். அவர் கணிதத்தில் தவறினாரென்று அச்சான செய்தியை 1935இல் அமெரிக்காவில் ஒருவர் அவரிடமே காட்டினார். தாம் ஒருபோதும் கணிதத்தில் தவறியதில்லை என்றும், பதினைந்து வயதுக்கு முன்னரே நுண்கணிதத்தைக் கற்றுத் தேர்ந்ததாகவும் அவர் மறுத்துரைத்தார்.

நடந்தது வேறு. மியூனிச் நகரப் பாடசாலையின் கட்டளை முறையை வெறுத்து, 1894ஆம் ஆண்டின் முடிவில் அதனை விட்டு விலகி, இத்தாலியிலிருந்த பெற்றோரிடம் போனார். மறு ஆண்டு சூரிச் பொலிரெக்னிக்கின் பிரவேசப் பரீட்சைக்குத் தோற்றினார். அப்போது அவருக்கு வயது பதினாறு. வழக்கமாகத் தோற்றுவோருக்குப் பதினெட்டு. கணிதமும் பௌதிகமும் மிக நன்று; பொதுப் பாடங்களிற் போதிய புள்ளி இல்லை. (பிடிக்காத பாடத்தைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு வரை தொடாது வைத்திருக்கும் எம்மவர் இதைக் கேட்டு மகிழவேண்டாம்!)

பொலிரெக்னிக்கின் தலைவர் அவரை மூடனென்று துரத்திவிடவில்லை. ஆராவு நகரத்துப் பாடசாலையிற் படிப்பை முடித்து வரும்படி வழிகாட்டினார். அங்கே ஓர் ஆசிரியரின் வீட்டில் அக்குடும்பத்தவருள் ஒருவராய்த் தங்கிப் படித்தார். ஒளியின் பின்னால் அதே வேகத்தில் ஓடினால் என்ன தெரியும் என்று அவர் எண்ணத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். 1896இல் அப்பாடசாலையின் இறுதிச் சான்றிதழில் அட்சரகணிதம், கேத்திரகணிதம், பௌதிகம் ஆகியவற்றுக்கு அதியுயர் புள்ளியான 6 கிடைத்தது, பிரெஞ்சுக்கு 3. தம் வாழ்நாளின் கடைசி ஆண்டிலும் அப்பாடசாலையை அவர் நன்றியோடு நினைத்து எழுதினார்.

ஆகவே யாம் சொன்ன கதை பொய். எம் தோழனுக்கு அது பொருந்தவுமில்லை. அவனுக்குப் பொருந்தும் கதை அதே 1896இல் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. பிறிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர் ஒரு மருத்துவ சஞ்சிகையிற் பேர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கண்ணிற் குறையில்லை, புத்தியிற் குறையில்லை, கணக்கு நன்றாக வரும். ஆனால் வாசிப்பு வராது. தன் பெயரை எழுதும்போதே எழுத்தை இடம்மாற்றிவிடுவான். எல்லாப் பாடத்தையும் வாயாற் சொல்லிக் கொடுத்தாற் பாடசாலையிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவன் ஆசிரியர் கருதினாராம். வைத்தியர் இதனைச் சொற்குருடு என்றார். இன்று டிஸ்லெக்சியா என்கின்றனர்.

ஒரு விஞ்ஞானியின் பெயரைத்தான் சொல்லவேண்டுமென்றால், சுவிற்சர்லாந்தின் ஜாக் டுபோஷேயைச் சொல்லியிருக்கலாம். 1955இல் வோ மாகாணத்தில் டிஸ்லெக்சியா உடையவரென உத்தியோகபூர்வமாக ஏற்கப்பட்ட முதலாமவர் தாமே என்று தமது வாழ்க்கைக் குறிப்பில் அவர் எழுதியிருக்கின்றார். நீரைப் பளிங்காகவிடாமல் அதிவேகமாக உறையச் செய்து, அதிலுள்ள உயிர் மூலக்கூறுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் வழியைக் கண்டதற்காக, 2017இல் இரசாயனத்துக்கான நோபற் பரிசை வேறிருவரோடு பகிர்ந்துகொண்டார். ஆனால் எம் தோழன் பரிசு கேட்கவில்லையே! வீட்டுக்கு வரும் கடிதத்தைத் தானே வாசித்தாற் போதுமென்றிருந்தான்.

அதற்கு வழி உண்டு. சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில் அமெரிக்காவில் ஓர்ற்றன் என்ற வைத்தியரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும், எழுத்தைக் கண்ணாற் கண்டு, வாயால் ஒலித்து, விரலால் வரைந்து, மூன்றையும் ஒருங்கே பழக்கும் முறையை வகுத்தார்கள். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் “அ” எழுதுவிக்கும் பெரியோருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு நாளோடு நாம் அரிசித் தட்டை எடுத்து வைத்துவிடுகின்றோம். சில பிள்ளைகளுக்கு அது ஓராண்டு, ஈராண்டு வேண்டும். “கொ” என்று ஒலிக்கையில் முதலில் வருவது ககரமெய். எழுதுகையில் முதலில் வருவதோ கொம்பு. ஏனிப்படி என்று தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிப்பது எந்த நியாயம்?

இக்குறை குடும்பவழி வருவதும் உண்டு. எம் தோழனின் தம்பி இவ்வாண்டு நமது சங்கத்தின் மாலை வகுப்பிற் சேர்ந்திருக்கின்றான். சென்ற வாரம் அவன் கொப்பியைப் பார்த்தோம். அண்ணனின் கொப்பி போலவே இருந்தது. வரும் சனிக்கிழமை முதல் அவனுக்கும் அவனைப் போன்றோருக்கும் ஒரு மணி நேரம் தனியே ஒதுக்கத் தலைவர் அவர்கள் இசைந்துள்ளார். கேள்வியை வாசித்துக் காட்டவும் விரல் பிடிக்கவும் நால்வர் வேண்டும். யாம் வருகின்றோம், இன்னும் மூவர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.