லிஃப்ட் தூக்கவில்லை என்றால்

பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்ட்டில் வரும் கோளாறை எதையும் கழற்றாமலே கண்டுபிடிக்கும் வித்தையைப் பற்றி இன்று பேசுகிறேன். கழற்றி மாட்டுவதைப் பழகிக்கொள்ளலாம். எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்வதுதான் கடினம். அதில் தேர்ந்தவர்களை நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

நம் ஊரில் அதிகம் புழங்கிய மாசி வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாசி பெர்குசன் கூட்டுறவோடு இந்த வண்டிகளைச் செய்தது. லிஃப்ட்டின் மூல யோசனை ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரருடையது. 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வெளிவரத் தொடங்கிய அவருடைய டிஇ 20 டிராக்டரிலேயே அது இருந்தது. கலப்பையை மூன்று இடத்தில் மாட்டுகிறோம் அல்லவா? மண் இறுகினால் மேலே உள்ள டாப் லிங்க் பின்பக்க ஸ்பிரிங்கை அழுத்தும். அந்த அழுத்தமே கண்ட்ரோல் வால்வைத் திறக்க, பம்ப் கலப்பையைச் சற்றுத் தூக்கிவிடும். அருமையான ஏற்பாடு.

இதன் பம்ப் வெளியே தெரியாது. கியர் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். நான்கு பிஸ்டன். ஓட்டுவது, எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிகளுக்குத் தரும் பி.டி.ஓ. ஷாஃப்ட். ஆகவே லிஃப்ட் அசையவே இல்லை என்றால் முதலில் பி.டி.ஓ. லீவரைப் பாருங்கள். அது நியூட்ரலில் இருந்தால் பம்ப் சுற்றாது. அதைக் கவனிக்காமல் மேல்மூடியைக் கழற்றி, ஒரு நாள் உழவையும் கூலியையும் இழந்தவர்கள் உண்டு.

அடுத்து ஆயில். கியருக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே ஆயில் என்பதால், பல்சக்கரம் தேய்ந்து விழும் துகளும் பம்பைத் தேடித்தான் வரும். சேற்றுழவு செய்த வண்டியில் தண்ணீரும் புகுந்துவிடும். ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஆயில் வெளுத்துக் கிடந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடித்துவிட்டு, ஃபில்டரைக் கழுவி, புதிதாக ஊற்றாமல் வேறெதையும் தொடாதீர்கள்.

லிஃப்ட் எப்படித் தவறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். காலையில் நன்றாகத் தூக்கி, வண்டி சூடேறியதும் சோர்ந்துபோனால், எங்கோ தேய்மானம் இருக்கிறது. இளகிய ஆயில் அந்த வழியே நழுவுகிறது. தூக்கும்போதே சீரான இடைவெளியில் வெட்டி வெட்டி ஏறினால் பம்பின் வால்வு ஒன்று வேலை செய்யவில்லை. தூக்கி நிறுத்திய பிறகு, கலப்பை பூம்பூம் மாடு தலையாட்டுவது போல இறங்கி ஏறிக்கொண்டே இருந்தால் பம்ப் மேல் பழி போடாதீர்கள். ஆயில் எங்கோ கசிய, லிஃப்ட்டின் கை இறங்குகிறது. இறங்கியதும் கண்ட்ரோல் வால்வு திறந்து, பம்ப் மறுபடி தூக்கிவிடுகிறது. பம்ப் நன்றாக இருப்பதால்தான் இந்த ஆட்டமே. எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். ஆட்டம் நின்று, கலப்பை தானே கீழே இறங்கிவிடும்.

கசிவு எங்கே என்று அறிய வண்டியின் வலப்பக்கத்து மூடி இருக்கிறது. கலப்பையைத் தூக்குவதற்கு முன்பே ஆயிலைக் கொஞ்சம் வடித்துவிட்டு, இந்த மூடியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாரத்தைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கையை உள்ளே விட வேண்டாம். தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரையும் விட வேண்டாம். பம்பிலிருந்து மேலே ஏறும் குழாயின் மூட்டில் ஆயில் வழிந்தால் அங்குள்ள ஓ-ரிங்கை மாற்றினால் போதும். லிஃப்ட் சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை. பம்பின் மேலேயே பீறிட்டால் வால்வையோ ரிலீஃப் வால்வையோ பார்க்க வேண்டும். மேலே, சிலிண்டரின் வாயிலிருந்து சொட்டினால்தான் மேல்மூடியைத் தூக்கும் வேலை.

அந்த வேலை வந்தே தீர்ந்தால், சிலிண்டரின் பிஸ்டனை வெளியே எடுத்ததும் புது ரிங்கைப் போட அவசரப்படாதீர்கள். சிலிண்டரின் உட்சுவரைத் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கீறல் நகத்தில் சிக்கினால் புது ரிங்கும் நிற்காது. சிலிண்டரையே மாற்ற வேண்டியிருக்கும்.