பதிவான பாட்டும் பின்வந்த தாளமும்



நாம் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. சங்கீதத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்களாயின், நியாயமான கேள்விதான். ஆயினும் ஒரு பழைய கேசட்டோடு மூன்று மாத காலம் நாம் பட்ட பாட்டைச் சொல்லும்படி காரியதரிசி பணித்தமையால் மேடை ஏறினோம்.

1989-ஆம் ஆண்டு விழாவில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்கொன்றில் கணக்கு எழுதி வந்த நம் அண்ணாச்சி, முருகப்பெருமான் மீது ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனை பாடினார். அன்று மிருதங்கக்காரர் வந்து சேரவில்லை. சுருதிப்பெட்டி ஒன்றே துணை. யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கேசட்டில் பிடித்து வைத்தார். அண்ணாச்சி மறைந்து பல்லாண்டுகள் ஆயின. தாத்தாவின் குரலுக்கே தான் ஆடவேண்டும் என்று இவ்வாண்டு பேத்தி ஆசைப்பட்டாள். ஆடுவதற்குத் தாளம் வேண்டுமே!

ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்தோம். அவர்கள் நிமிஷத்திற்கு 72 அடி என்று கம்ப்யூட்டரில் தாளத்தை நிலைநிறுத்தி, குரலை அங்கங்கே இழுத்தும் சுருக்கியும் அதற்குள் அடைத்துத் தந்தார்கள். தாளம் வெகு சுத்தம். பெரியம்மாளிடம் போட்டுக் காட்டினோம். பாதி கேட்டுவிட்டு, "இது அவுக பாடினது இல்லையேப்பா. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரில்லா இருக்கு" என்றார்கள். கூலி கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

இத்தகைய சங்கடம் பெரிய இடங்களிலும் நேர்ந்ததுண்டு. ஜான் லெனன் 1977 வாக்கில் நியூயார்க்கில் தம் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பாடி வைத்த ஒரு பாட்டுக்கு, அவர் கொலையுண்ட பின்னர், பீட்டில்ஸ் குழுவின் மற்ற மூவரும் 1994-இல் இசை சேர்த்தார்கள். 1995-இல் அது வெளிவந்தது. நடை ஒரே சீராக இல்லாமையால், முதலில் அதைச் சீராக்கிக்கொண்டே மற்ற வாத்தியங்களைச் சேர்த்தார்கள். அவர்கள் பாட்டுக்கு அது பொருந்தியிருக்கலாம். நம் கீர்த்தனைக்கு அது ஒவ்வாது என்பதே நம் அபிப்பிராயம்.

நமக்கு வழிகாட்டி இந்த ஊரிலேயே இருந்தார். ஃபோர்ட் கொச்சியில் 1936-இல் பிறந்து, வறுமையால் பழநி ஆசிரமத்தில் வளர்ந்து, அங்கேயே சங்கீதம் பயின்று திரும்பிய எம். கே. அர்ஜுனன் மாஸ்டரைத்தான் சொல்கிறோம். 1968-இல் 'கறுத்த பௌர்ணமி' படத்திற்கு இசையமைக்கும் முன்னர், நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவர், 2020-இல் காலமானார். நாடக மேடையில் வாத்தியக்காரர் பாடுகிறவரின் வாயைப் பார்த்தே வாசிக்கவேண்டும். நடிகர் ஓடினால் ஓடவேண்டும், நின்றால் நிற்கவேண்டும். அந்த முறையையே கைக்கொள்வதென்று தீர்மானித்தோம். ரயில்வேயில் அட்டவணைப்படி வண்டி ஓடவேண்டும். இங்கோ வண்டி என்றோ ஓடி முடிந்துவிட்டது. அட்டவணையை அல்லவோ இனி எழுதவேண்டும்!

முதற்காரியமாக, கேசட்டின் ஓட்டத்தைச் சோதித்தோம். அன்று ஒலித்த அதே சுருதிப்பெட்டி பெரியம்மாள் வீட்டுப் பரணில் இருந்தது. துடைத்து ஊதவிட்டால், பெட்டி ஒரு கட்டையில் நிற்கிறது; கேசட்டோ ஒன்றரைக் கட்டையில் ஒலிக்கிறது. அரைக் கட்டை ஏறினால் ஓட்டம் நூற்றுக்கு ஏறத்தாழ 6 மிகுதி என்று பொருள். கூடத்தார் 72 என்று கணித்ததே பிசகு! ஓட்டத்தைக் குறைத்ததும் சுருதி இறங்கியது, நடையும் 68-க்கு வந்தது. அப்போதுதான் அண்ணாச்சியின் கனத்த குரல் எங்கள் காதுக்குத் திரும்பியது.

அடுத்தது தாளம். பல்லவியில் 68-இல் தொடங்கியவர், சரணத்தில் 71-க்கு வந்துவிடுகிறார். வித்தியாசம் மூன்றுதானே என்பீர்கள். 68-இலேயே நிறுத்திய தாளத்தோடு அதை ஓடவிட்டால், ஒரே நிமிஷத்தில் மூன்று அடி விலகிவிடும். எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தில் மூன்று அடி போனால் மிச்சம் என்ன? ஆகையால் ஐந்து நிமிஷப் பாட்டில் ஏறத்தாழ 350 அடிகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு, கம்ப்யூட்டரில் கோடு போட்டோம். அண்ணாச்சி தொடையில் தட்டிய ஓசை சில இடங்களில் மெல்லக் கேட்கிறது. கேளாத இடங்களில் சொல் விழும் இடத்தைக் கொண்டு ஊகித்தோம். டியூட்டி முடிந்த இரவுகளில், சங்கத்து இளைஞர் இருவரோடு செய்த வேலை இது. கோடுகளின் இடைவெளி ஒன்றுபோல் ஒன்றில்லை.

அந்தக் கோடுகளின்படி எழுந்த 'டிக்' ஓசையை மிருதங்க வித்வானின் காதில் கொடுத்தோம். இரண்டு நாள் அதோடு பழகியவர், மூன்றாம் நாள், "இனி இது வேண்டாம், அவர் குரலை மட்டும் கொடுங்கள்" என்றார். வாசிப்பு அன்றுதான் சேர்ந்தது. பெரியம்மாள் முழுவதும் கேட்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி போடச் சொன்னார்கள்.

ஒரே ஓர் இடம் பாக்கி. சரணத்தின் நடுவே பாட்டு நாலைந்து விநாடி நின்றுவிடுகிறது. வெட்டிவிடலாமா என்று கேட்டோம். "அங்கே அவுகளுக்கு இருமல் வந்துட்டு, நான்தான் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருக்கட்டும்" என்றார்கள். அப்படியே விட்டுவிட்டோம். அவ்விடத்தில் மிருதங்கமும் பேசாது.

சற்று நேரத்தில் பேத்தி ஆடப்போகிறாள். அந்த இடம் வந்ததும் அவளும் அசையாமல் நிற்பாள். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று எண்ணி எவரும் எழுந்து ஓடிவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.