கரிசலாங்கண்ணிப் பயிரும் அதன் பராமரிப்பும்

(விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



ஐப்பசி மழை பெய்து ஏரிகளில் நீர் ஏறிய பின்பு, விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வாய்க்கால் ஓரத்திலும் வயல் வரப்பிலும் ஒரு சிறு பூண்டு தழைத்துக் காணப்படும். இலை எதிரெதிராக அமைந்து, தொட்டால் சொரசொரவென்றிருக்கும். பூ வெண்மையானது, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நெற்பயிர் செய்பவன் அதைக் களையென்று பிடுங்கிக் கரையில் எறிகிறான். வைத்தியனும் தைலம் காய்ச்சுபவனும் அதையே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். ஒருவன் எறிந்து மற்றொருவன் வாங்கும் இப்பூண்டே கரிசலாங்கண்ணி. கரிசாலை, கையாந்தகரை என்பனவும் இதன் பெயர்கள். வடமொழியார் பிருங்கராஜம் என்பர். சூரியகாந்தியும் சாமந்தியும் எந்தக் குடும்பமோ, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

இப்பிரதேசத்தாருக்கு இதன் பெருமை புதிதன்று. பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் மருதூரில் 1823-ஆம் வருஷம் பிறந்து, 1867-ல் வடலூரில் சத்திய தருமசாலையை நிறுவிப் பசித்தோர்க்கு அன்னமளித்த இராமலிங்க சுவாமிகள், தினந்தோறும் கொள்ளத்தக்க மூலிகைகளுள் கரிசலாங்கண்ணியைச் சிறப்பித்துக் கூறினார். பாட்டிமார் இதைப் பருப்புடன் கடைந்து கீரையாகப் படைத்தனர். சாற்றை எண்ணெயிற் காய்ச்சித் தலைக்குத் தேய்த்தனர். வெள்ளைத் துணியைச் சாற்றில் தோய்த்துலர்த்தித் திரியாக்கி, விளக்கேற்றிப் புகை பிடித்துக் கண்மை கூட்டினர்.

பிற்காலத்து ரசாயன சாஸ்திரிகளும் இதை ஆராயாமல் விடவில்லை. சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் டி. ஆர். கோவிந்தாச்சாரி முதலியோர், மஞ்சள் பூக் கரிசலாங்கண்ணியிலிருந்து பிரித்தெடுத்த வெடலோலாக்டோன் என்னும் பொருளின் அமைப்பை 1956-ல் வெளியிட்டனர். வெள்ளைப் பூவுடையதிலும் அப்பொருள் உண்டு. மருந்துச் சாலையார் சரக்கின் தரத்தைச் சோதிக்கும்போது இப்பொருள் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஆகையால், பச்சையாயிருப்பதெல்லாம் மூலிகை என்று கட்டிக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்க முடியாது.

முதலில் அறிய வேண்டுவது அடையாளம். வெள்ளைக் கரிசலாங்கண்ணியென்று சிலர் பறித்து வருவது வெட்டுக்காயப் பூண்டாக இருப்பதுண்டு. அதன் பூ, சாண் உயரமுள்ள தனிக் காம்பின் நுனியில் ஒன்றாக நிற்கும். நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சில வெளிறிய இதழ்களும் இருக்கும். கரிசலாங்கண்ணியின் பூக்காம்பு குட்டையானது. இதழ்கள் நூல்போல் மெல்லியவை, பல. ஐயமிருந்தால் இலையையோ தண்டையோ உள்ளங்கையிற் கசக்கிச் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். கரிசலாங்கண்ணியாயின் சாறு கறுத்துப் போகும். கரிசல் என்ற சொல் அதன் பெயரில் நிற்பதை நினைவிற் கொண்டால் இச்சோதனை மறவாது.

மஞ்சள் பூவுடையதிலோ இன்னும் பெரிய மோசம் நேருகிறது. அமெரிக்காவின் வெப்பப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு கொடி, பூந்தோட்டங்களிலும் சாலை நடுவிலும் அழகுக்காக வைக்கப்பட்டு எங்கும் படர்ந்திருக்கிறது. அதன் பூவும் மஞ்சளே, ஆனால் பெரிது. இலை தடித்துப் பளபளப்பாய், பெரும்பாலும் மூன்று பிரிவாகப் பிளந்திருக்கும். அது மருந்துக்குரிய மஞ்சள் கரிசலாங்கண்ணி அன்று. மருந்துக்குரியதன் இலை ஒடுங்கி நீண்டு, பிளவின்றிச் சொரசொரப்பாயிருக்கும். நாற்று வாங்குபவன் பூவின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால், ஒரு வருஷ உழைப்பும் வீணாகும்; உண்பவனுக்கும் உரிய பலன் கிட்டாது.

இரண்டாவது, பறிக்கும் இடம். ஈரத்தை விரும்பும் பூண்டாதலால் இது சாக்கடை ஓரத்திலும் ஆலைக் கழிவு நீர் ஓடும் பள்ளத்திலும் செழிப்பாய் வளரும். அச்செழிப்பைக் கண்டு ஏமாறலாகாது. ஈயம் முதலிய நஞ்சுகளை மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் தண்டுக்கும் இலைக்கும் ஏற்றிக்கொள்ளும் தன்மை பூண்டுகளுக்கு உண்டு. களைக்கொல்லி தெளித்த வயலின் வரப்பிலும் பறிக்கலாகாது. கூடை சீக்கிரம் நிறையும் இடமே கூடாத இடமாயிருப்பதுண்டு. காட்டிலும் கரையிலும் தேடுவதைவிட, அறிந்த மண்ணில் அறிந்த நீரைப் பாய்ச்சித் தானே பயிரிடுவது மேல் என்று சொல்வதற்கு இதுவே முதற் காரணம்.

இனிப் பயிர் முறை. முதல் வருஷம் ஐந்து சென்டுக்கு மேல் போக வேண்டாம். கிணற்று நீர் வழியும் இடமும், தென்னந்தோப்பின் இளநிழலும் ஏற்றவை. மஞ்சள் வகை இளநிழலை மிகவும் விரும்பும். வெள்ளை வகை வெயிலிலும் நன்கு வரும். நிலத்தை நன்றாக உழுது கட்டி உடைத்து, மக்கிய தொழுவுரம் போட்டுப் பாத்தி கட்ட வேண்டும். மக்காத சாணத்தைப் போட்டால் களையே முதலில் முளைக்கும்.

வெள்ளை வகையின் விதை மிகச் சிறியது. கறுத்து உலர்ந்த பூந்தலையை உதிர்த்துச் சேர்ப்பது. பலர் இதை மண்ணில் ஆழ மூடிவிட்டு, விதை கெட்டதென்று குறை கூறுவர். இவ்விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஆகையால் மணலுடன் கலந்து நாற்றங்காலின் மேல் தூவி, கையால் மெல்ல அழுத்திவிட்டு, பூவாளியால் நீர் தெளித்தாற் போதும். நாற்று நாலைந்து இலை விட்டு விரல் நீளம் வளர்ந்தபின், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான வரிசையில், செடிக்குச் செடி ஒரு சாண் விட்டு நடலாம். மஞ்சள் வகைக்கு விதையைத் தேட வேண்டாம். கணுக்கள் இரண்டு மூன்று உள்ள தண்டைக் கிள்ளி ஈர மண்ணிற் பதித்தால், கணுவிலிருந்து வேர் விடும்.

நட்ட முதல் மாதம் களை எடுப்பதிற் சோம்பலாகாது. பிறகு செடியே தரையை மூடிக்கொள்ளும். மண் எப்பொழுதும் ஈரமாயிருக்க வேண்டும்; ஆயினும் கார்த்திகை மழையில் நீர் நாட்கணக்கில் தேங்கி நின்றால் அடித்தண்டு அழுகும். வடிகால் வெட்டாமல் பாத்தி கட்டக் கூடாது. உண்ணும் பொருளாதலால் பூச்சிமருந்தை நாடாமல், நோய் கண்ட கிளையைக் கிள்ளி அப்புறப்படுத்துவதே நன்று.

நட்டு இரண்டு மாதமளவில் பூக்கத் தொடங்கும். அதுவே அறுவடைக்குரிய சமயம். தரைக்கு மேல் நாலு விரல் விட்டு அறுத்தால் மறுபடியும் தழைக்கும். நன்றாக வளர்ந்த சில செடிகளை அறுக்காமல் விதைக்கென்று நிறுத்த வேண்டும். பனி உலர்ந்த பின் அறுத்து, மண் போக அலசி, நிழலில் மெல்லியதாய்ப் பரப்பிக் காற்றாட உலர்த்த வேண்டும். குவித்து வைத்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். தண்டு படீரென்று ஒடியும் பதம் வந்த பின்னரே சாக்கிற் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. பச்சைச் செடியில் பெரும்பகுதி நீர். ஐந்தாறு கிலோ பச்சை உலர்ந்தால் ஒரு கிலோ சரக்குத்தான் மிஞ்சும். பச்சையின் எடையைப் பார்த்து லாபம் கணக்கிட்டு, கடன் வாங்கி, கடலை விளைந்த கொல்லை முழுவதையும் மூலிகைக்கு மாற்றுபவன், உலர்ந்த சாக்கைத் தராசில் ஏற்றும் நாளில் மனம் உடைவான். கடலைக்குத் திண்டிவனத்தில் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கே உண்டான விதைகள் ஊரின் பெயர்க் குறியைத் தாங்கித் தேசமெங்கும் சென்றன. கடலைக்கும் நெல்லுக்கும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் உண்டு. மூலிகைக்கு அவ்வளவு எளிதில் ஏலம் கேட்போர் கூடமாட்டார்கள். ஆகையால் வாங்குவோனை முதலில் தேடிக்கொண்டு, பயிரைப் பின்னர் வைப்பதே விவேகம்.

தனி உழவன் பத்துக் கிலோ சரக்கை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனால் வண்டிச் சத்தமும் தேறாது. தரகன் சொன்னதே விலையாகும். இருபது குடும்பத்தார் ஒரே வகையை, ஒரே பதத்தில் உலர்த்தி, சங்கத்தின் மூலம் ஒரு தராசில் நிறுத்தால், விலை பேசும் பலம் உண்டாகும். இது வெறும் ஆசை வார்த்தையன்று. இந்தியாவில் 1904-ஆம் வருஷத்து நாணய சங்கச் சட்டத்துடன் தொடங்கிய கூட்டுறவு முறை, மருந்துத் துறையிலும் வேரூன்றியதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. உள்நாட்டு வைத்தியர்கள் ஒன்று கூடி 1944-ல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு மருந்துச் சாலையை ஏற்படுத்தினர். இம்ப்காப்ஸ் என்று பெயர் வழங்கும் அதுவே சித்த, ஆயுர்வேத, யூனானி மருந்துகளைச் செய்து வருகிறது. மருந்து செய்வோர் சேர்ந்து நிற்க முடிந்ததென்றால், மூலிகை விளைப்போர் சேர்ந்து நிற்க முடியாதென்பதற்குக் காரணமில்லை.

ஆனால் சேர்க்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவன் சாக்கின் அடியில் வெட்டுக்காயப் பூண்டைத் திணித்தால், இருபது குடும்பத்தாரின் சரக்கும் திரும்பி வரும். ஒருவனுடைய பொய் எல்லாருடைய நஷ்டமாகும். ஆகையால் சாக்குக் கட்டுமுன் ஒருவர் சரக்கை மற்றொருவர் பார்த்துச் சோதிக்கும் வழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இதில் உறவினன், அயலான் என்ற பேதம் கூடாது.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஓர் எச்சரிக்கை. கரிசலாங்கண்ணி ஈரலுக்கு நல்லதென்பது பழைய வழக்கு. அதைக் கொண்டு, கண் மஞ்சளித்தவனை வீட்டிற் படுக்க வைத்து, சாற்றை ஊற்றிக்கொண்டே நாட்களைக் கழிப்பது அபாயம். காமாலை என்பது ஒரே வியாதியன்று. பல வியாதிகளின் அடையாளம். அசுத்த ஜலத்தால் வரும் காமாலை வேறு. இரத்தத்தின் மூலம் பற்றும் காமாலை வேறு. பித்தக் குழாய் அடைப்பால் வருவது வேறு. இன்னதென்று இரத்தச் சோதனையின்றி அறிய முடியாது. திண்டிவனத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி உண்டு. இவ்விரு ஊர்களுக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உண்டு. காமாலை கண்டவனையும், அதிலும் விசேஷமாகக் கர்ப்பிணியையும், தாமதமின்றி அங்கே கொண்டு செல்ல வேண்டும். மயக்கமோ பிதற்றலோ கண்டால் ஒரு மணி நேரமும் பொறுக்கலாகாது. மூலிகை வேண்டுமாயின், படித்த சித்த வைத்தியரைக் கேட்டு, மருத்துவருக்கும் தெரிவித்துக் கொள்ள வேண்டும். மூலிகையை விற்கிறவனே இந்த வார்த்தையையும் சேர்த்துச் சொன்னால், அவன் சரக்குக்கு மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது.

ஆதலால், சங்க அங்கத்தினர்களே, செய்ய வேண்டுவது சிறிதே. வரும் மழைக்காலத்துக்குள் ஐந்து சென்டு நிலத்தை ஒதுக்குக. அடையாளம் தெரிந்தவரிடம் விதையும் தண்டும் பெறுக. சுத்த ஜலம் பாய்ச்சுக. முதல் அறுப்பை வீட்டுக் கீரையாக உண்டு பழகுக. சரக்கு சேர்ந்த பின் சங்கத்தில் கூடி விலை பேசுக. கரையில் எறிந்த களையை மடியிற் கட்டிய காசாக்குவது மண்ணின் வேலை மட்டுமன்று. ஒருவரையொருவர் நம்பி நடக்கும் மனத்தின் வேலையுமாகும்.