தொடக்கமா, முடிவா?

(காத்திவாக்கத்தில் ஆற்றிய உரை)

'தொடக்கப்பள்ளி' என்றால் என்ன? ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி என்று எண்ணூர்க் குப்பத்துச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆங்கிலம் பேசும் நாடுகளிலே இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நாட்டுக்கொரு விடை கிடைக்கும்! இங்கிலாந்தில் 11 வயது வரை பிரைமரி பள்ளி. ஸ்காட்லாந்தில் அது 7 ஆண்டுப் படிப்பு. அயர்லாந்திலோ 8 ஆண்டு. அமெரிக்காவில் பெயரே வேறு. எலிமெண்டரி பள்ளி என்பர். பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு அது முடியும்.

பெயரிலே என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, தோழர்களே!

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் எலிமெண்டரி பள்ளிதான் இருந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நாடெங்கும் பரப்பிற்று. ஆனால், அது ஏழையின் பிள்ளைக்கென அமைந்த பள்ளி. அங்கே தொடங்கிய படிப்பு, பெரும்பாலோர்க்கு அங்கேயே முடிந்தது. பிறகு சுரங்கம், ஆலை! சீமான் பிள்ளைக்கோ வேறு பள்ளி, வேறு பாதை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த ஏற்பாட்டை மாற்றிற்று. பிரைமரி என்பது முதற்கட்டம்; அடுத்த கட்டமும் எல்லோர்க்கும் உண்டு, கட்டணமின்றி உண்டு என்றது. முடிவாக இருந்தது, அன்றுதான் தொடக்கமாயிற்று!

நம் நாட்டிலே? 1953இல் சென்னை மாநிலத்தில், சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநாள், மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றொரு திட்டம் வந்தது. வலை வீசுவோன் மகனுக்கு வலை. குயவன் மகனுக்குச் சக்கரம்! நாடு கொதித்தது, 1954இல் திட்டம் மறைந்தது. 1956இல் மதிய உணவு வந்தது. 2022இல் தொடக்கப்பள்ளியிலே காலை உணவும் வந்தது. 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

சட்டம் இருக்கிறது, சோறும் இருக்கிறது. ஆனால், ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளை ஆறாம் வகுப்பிலே அமர்ந்திருக்கிறதா? அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீன் அருகிய கழிமுகம் நம்முடையது. வருவாய் குறைந்த வீட்டிலே முதலில் மூடப்படுவது பிள்ளையின் புத்தகமல்லவா?

ஆகவே, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், உங்கள் தெருவிலே ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். வீட்டுக்கு வீடு செல்லுங்கள். "எந்தப் பள்ளியிலே சேர்ந்தாய், தம்பி?" என்று கேளுங்கள். விடை வராத வீட்டிலே உட்காருங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கவேண்டுமா? துணைக்குச் செல்லுங்கள். பெண்பிள்ளை வீட்டிலே தம்பியைப் பார்த்துக்கொள்கிறாளா? தாயிடம் பேசுங்கள்.

தொடக்கம் என்று பெயர் வைத்துவிட்டு, அதனை முடிவாக விடலாமா, தோழர்களே?