மாத்திரையோடு நடையும் வேண்டும்

(தோட்டத்து முதியவர்களுக்கான கூட்டத்தில் சுகாதார உத்தியோகத்தர் பேசியது)



முகாமிலிருந்து லயத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வாரக்கணக்கில் பாயில் உட்கார்ந்திருந்த கால்களுக்கு இப்போது படியேறுவது பாரமாக இருக்கும். எச்.ஐ.வி.யோடு வாழும், 50 வயதைக் கடந்தவர்களுக்கு இது இன்னும் கூடுதல். அவர்களும் உங்களில் இருக்கலாம். யார் என்று கேட்கமாட்டோம். அதனால்தான் எல்லா முதியவர்களையும் கூப்பிட்டோம்.

மருந்தை ஒழுங்காகப் போடுகிறவர் இன்று மற்றவர்களைப் போலவே முதுமை காண்கிறார். அரசாங்கக் கிளினிக்கில் அது இலவசம். ஆனால் தசை குறைவதும் எலும்பு தேய்வதும் இருதய நோயும் இவர்களுக்குச் சற்று முந்தியே வரக்கூடும். மாத்திரை மட்டும் அதைத் தடுக்காது.

"மலையேறிக் கொழுந்து எடுத்த உடம்புக்கு இனி என்ன பயிற்சி?" என்பீர்கள். நியாயந்தான். ஆனால் அந்த வேலை நின்ற நாளிலிருந்து தசையும் வற்றத் தொடங்கிவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடலுழைப்பு. நாளைக்கு அரை மணியாக ஐந்து நாள் நடந்தால் சரி. பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சுப் போதக்கூடாது, அதுதான் வேகம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம். மண் சரிந்த பக்கமும், வெடிப்பு விட்ட பாதையும் வேண்டாம். மழையென்றால் வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் காலைத் தூக்கி வையுங்கள்.

கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். கதிரையைச் சுவரோடு போட்டு, கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் ஐந்து. நிலைக்கதவைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு போதும், கைக்குப் பாரம் தூக்க. காய்ச்சல் நாளில் வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். இருதய நோயோ பிரஷரோ உள்ளவர்கள் தொடங்குமுன் கேட்டுவிடுங்கள்.

சேர்ந்து செய்தால் தொடர்ந்து செய்வீர்கள். ஒரே கதிரையில் உட்கார்வதாலோ, வியர்வையாலோ, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. இதைப் பக்கத்து லயத்திலும் சொல்லுங்கள். பயிற்சியை விட இந்தப் பயம்தான் பலரை வீட்டுக்குள் முடக்குகிறது.

இன்னொன்று. இடம்பெயர்ந்தபோது கிளினிக் அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள், உங்கள் பதிவு அங்கே இருக்கும். மருந்து தீரும் வரை காத்திருக்காதீர்கள். மாத்திரையை உடைத்து நாளைக் கடத்தவோ, இன்னொருவருடையதை வாங்கிப் போடவோ வேண்டாம். சந்தேகம் உள்ளவர்கள் இரத்தினபுரி, கேகாலை பாலியல் நோய்க் கிளினிக்குகளில் இரத்தம் சோதிக்கலாம். காசு இல்லை. முடிவை உங்களிடம் மட்டுமே சொல்வார்கள்.

சரி, முழங்கால் வலிக்காதவர்கள் கதிரையோடு முன்னுக்கு வாருங்கள். செய்து பார்ப்போம்.