இசைத்தட்டும் நம் செல்வமே
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோயிலையும் ஏட்டுச் சுவடியையும் காத்தல் கடமையென நாம் யாவரும் ஒப்புவோம். ஆயின், நாடக மேடையிலும் திரையிலும் பொதுமக்கள் விரும்பிக் கேட்ட பாட்டை அவ்வாறு கருதுகிறோமா? வீடு மாற்றும்போது பழைய இசைத்தட்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

நாம் வாழும் இக்கொல்கத்தா மாநகருக்கு இசைத்தட்டின் வரலாற்றில் தனியிடம் உண்டு. 1902-ஆம் ஆண்டில் கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டு இங்கேதான் பதிவாயிற்று. அத்தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சாகி வந்தன. 1908-இல் சியால்தாவில் ஆலை ஏற்பட்டது. பின்னர் டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது. தென்னாட்டுப் பாடகர் பலரின் குரல் அங்கே தட்டாகித் தமிழகம் சென்றது.

எஸ்.ஜி. கிட்டப்பா பேசும்படம் எதிலும் தோன்றாமலே 1933-இல் இளமையில் மறைந்தார். பக்கத்திற்கு மூன்று நிமிடமே ஓடும் அரக்குத் தட்டுகளன்றி அவர் குரலுக்கு வேறு சான்று ஏது? தட்டு உடையின் அக்குரலும் நம்மைவிட்டு அகலும்.

இதில் பொருள் வருவாயும் உண்டு. டம்டம் ஆலையை நடத்திய நிறுவனமே இன்று சரிகம என வழங்குகிறது. அது 2017-இல் 5,000 பழைய இந்திப் பாடல்கள் அடங்கிய ‘கார்வான்’ பெட்டியை வெளியிட்டது; மக்கள் விரும்பி வாங்கினர். மூலப்பதிவுகளைக் காத்தமையாலன்றோ பழம்பாட்டு மீண்டும் பொருளீட்டியது! ஒலிப்பதிவின் உரிமைக்காலம் நம் சட்டப்படி, வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள். அதன்பின் அப்பதிவு பொதுவுடைமையாகும். ஆனால் அதற்குள் தட்டே அழிந்துவிட்டால் உரிமை வந்தும் பயன் என்ன?

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில. டிரங்குப் பெட்டியிலுள்ள தட்டுகளை வெயில் படாத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நிறுத்தி வைப்போம். ஸ்பிரிட்டால் துடைத்தால் அரக்குக் கரையும். உலர்ந்த மெல்லிய துணியே போதும். தட்டின் நடுவே ஒட்டிய தாளிலுள்ள பாடகர் பெயரையும் எண்ணையும் குறித்துச் சங்கத்திடம் தருவோம். அப்பட்டியலைக் கொண்டு, அரியவற்றை முதலில் கணினியில் பதிவு செய்யலாம்.

பாட்டனார் ஆசையோடு வாங்கிய தட்டைப் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். அது நம் கையில்தான் இருக்கிறது.